பலாலிக்கு ஒரு மணித்தியாலம்

அதிகாலை சுபஹுத் தொழுதுவிட்டு மருதமுனை வீட்டுக்குள் நுழைந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மதினி. அவர் கணவர், என் மூத்த சகோதரரான நானா, அங்கே சாரிக் கடை வைத்துப் பன்னிரண்டு வருடம்.

“தம்பி, நானாவ ஆஸ்பத்திரில வச்சிரிக்கு. பயப்பிட ஒண்டுமில்ல. ஆனா நீங்க வந்தா நல்லம்.”

“கதைக்கிறாரா?”

“ஓம், கதைக்கார்.”

அதற்குப் பிறகும் மதினி போனை வைக்கவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது.

பஸ்ஸில் போனால் எட்டு மணித்தியாலம். மாரி மழையில் அதுவும் நிச்சயமில்லை. பாசிக்குடாவில் ஹோட்டலொன்றில் வேலை செய்யும் கூட்டாளிக்குக் கோல் எடுத்தேன். அன்று காலை மட்டக்களப்பிலிருந்து சிறிய விமானமொன்று வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிவர யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வெறுமையாகப் போகிறது என்றான். எனக்கு ஓர் இடம் கேட்டு வாங்கித் தந்தான்.

விமான நிலையத்தில் என்னையும் என் பையையும் சேர்த்துத் தராசில் நிறுத்தார்கள். எவ்வளவு நேரமாகும் என்று விமானியிடம் கேட்டேன். சிங்களவர், தமிழ் கொஞ்சம் வரும். ஒரு விரலைக் காட்டி, “ஒரு மணித்தியாலம்” என்றார். அதையே மதினிக்குச் சொல்லிவிட்டுப் போனை நிறுத்தினேன்.

பத்து மணிக்குக் கிளம்பினோம். வலப்பக்கம் கடல் கலங்கிய நிறத்தில் கூடவே வந்தது. முக்கால் மணித்தியாலத்தில் முகிலுக்குள் போனோம். கண்ணாடியில் வெள்ளையைத் தவிர வேறெதுவும் இல்லை. இருக்கை கீழே விழுந்து விழுந்து எழும்பியது. விமானிகள் இருவரும் குனிந்து கருவிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்காகவா நானாவுக்காகவா என்று தெரியாமல். முகிலுக்குக் கீழே இறங்கியபோது கடல் இடப்பக்கம் தெரிந்தது. நாங்கள் திரும்பிவிட்டிருந்தோம்.

திருகோணமலைச் சீனக்குடாவில் இறக்கினார்கள். போனைத் திறந்தேன். மதினியின் கோல்கள் ஒன்பது. நான் எடுத்ததும், “தம்பி, நானா மவுத்தாகிட்டார். அஸருக்குப் பிறகு அடக்கிறாங்களாம். வந்திடுங்க” என்றார்.

மணி பதினொன்றரை. அஸர் தொழுகை பின்னேரம் மூன்றரைக்கு. அந்த நிமிடமே வேன் பிடித்திருந்தால் நேரத்துக்குப் போயிருப்பேன் என்று இப்போது தெரிகிறது. விமானி வானத்தைப் பார்த்து, “இன்னும் அரை மணித்தியாலம்” என்றார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் அதையே சொன்னார். காத்திருக்கக் காத்திருக்க, பாதையால் போகும் நேரம் கழிந்துகொண்டே போனது. விமானத்தை விட்டால் வேறு வழியில்லை என்றானபோது மணி இரண்டு.

மூன்றேகாலுக்குத்தான் மறுபடி ஏறினோம். பலாலியில் இறங்கி, ஓட்டோவில் நேராக மையவாடிக்குப் போனேன். குழிக்குள் நானாவின் மேல் பலகைகளை அடுக்கி முடித்திருந்தார்கள். நானாவின் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. எனக்கு வழிவிட்டார்கள். ஈர மண்ணை மூன்று பிடி அள்ளிப் போட்டேன்.

வீட்டில் வழக்கப்படி திரைக்கு அப்பால் இருந்து மதினி கதைத்தார்.

“நீங்க ப்ளேன்ல ஏறிட்டீங்க எண்டு அவருக்குச் சொன்னன். எவ்வளவு நேரமாகும் எண்டு கேட்டார். ஒரு மணித்தியாலம் எண்டன். அப்ப சரி, அதுவரைக்கும் இரிப்பன் எண்டார்.”

முன்னறையில் யாசீன் ஓதத் தொடங்கியிருந்தார்கள். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாரோ ஒருவர் சற்று நகர்ந்து இடம் தந்தார்.