இருவர் மட்டும் போன பயணம்

எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உங்களில் பெரும்பாலோர், அப்பாவோடு ஏதாவது ஒரு பயணம் போனவர்கள். பினாங்கு, மதுரை, பழனி, பாலி என்று எங்காவது ஓரிடத்தில் அப்பா உங்கள் பெட்டியைத் தூக்கியிருப்பார். உங்கள் பாஸ்போர்ட்டைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடிக்கடி தொட்டுப் பார்த்திருப்பார். அதனால் அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும், பயணத்தைப் பற்றித்தான் எழுதத் தோன்றியது. அதிலும் நீங்கள் யாருமே கூடப் போகாத ஒரு பயணத்தைப் பற்றி. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

அப்பா பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா தண்டவாளம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர். அப்பா இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போதே தாத்தா தவறிவிட்டார். பாட்டிக்கும் உடம்பு முடியாது. அரசாங்க வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு கடையின் மாடியில் ஓர் அறைக்குக் குடிபோனார்கள். பெரிய அத்தை, அதாவது அப்பாவின் ஒரே அக்கா, படிப்பை நிறுத்திவிட்டுச் சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனார். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்ட வைக்கும் வேலை. அப்பாவும் சித்தப்பாவும் அந்தச் சம்பளத்தில்தான் படித்தார்கள். இருபது வயது தாண்டும் முன்னே அத்தைக்குக் கண்ணாடி வந்துவிட்டது. “அக்கா கண்ணுதான் எனக்குப் படிப்பு” என்று அப்பா சொல்லாத ஆள் கிடையாது. அக்கா ஒன்று சொன்னால் அப்பா மறுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

படிப்பு முடிந்ததும் போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. ஏற்றுமதிச் சாமான்களுக்குப் பத்திரங்கள் தயார்செய்து, கண்டெய்னர்களைக் கப்பலேற்றிவிடும் வேலை. ஓய்வு பெறும்வரை அதே துறைமுகம்தான், பண்டமாரானில் அதே வீடுதான். ரோட்டர்டாம், யோகோஹாமா, பூசான் என்ற பெயர்களெல்லாம் அப்பாவின் வாயில் பக்கத்து ஊர்களான செராஸ், காஜாங் மாதிரி சாதாரணமாக வரும். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டுக் கேட்டு அம்மா ஒரு நாள், “இத்தன ஊரு பேரு சொல்றீங்களே, அதுல ஒண்ணையாச்சும் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாராம். அப்பா பார்த்ததில்லை. இருவரும் சேர்ந்து ஒரு வெளிநாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது என்று அன்றைக்கு முடிவானது.

முதல் திட்டம் சுமத்ரா. துறைமுகத்திலேயே ஃபெர்ரி ஏறினால் போதும், அங்கே ஒரு பெரிய ஏரி இருக்கிறது, கரையில் மூன்று நாள் தங்கிவிட்டு வரலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆனால் எங்கள் குடும்ப வழக்கம் உங்களுக்கே தெரியும். கடல் தாண்டுவதென்றால் மூத்தவர்களிடம் நேரில் போய்ச் சொல்லி, திருநீறு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அப்பா பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் அத்தையிடம் சொன்னார். ஏரிக்கரை நல்லாத்தான் இருக்கும், நாங்களும் வருகிறோம் என்றார் அத்தையின் கணவரான மாமா. செய்தி சித்தப்பாவுக்குப் போனது. இத்தனை பேர் கப்பலேறுவதாக இருந்தால், இன்னும் முடியிறக்காத அத்தை மகனையும் தூக்கிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்கே போய்விடலாமே என்று யாரோ சொன்னார்கள். சுமத்ரா தமிழ்நாடாக மாறிவிட்டது. அந்தப் பயணத்தில் அம்மா பார்த்தது மொட்டையடித்த தலைகளையும், சேலைக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்த நம் வீட்டு ஆண்களையும்தான்.

அதன் பிறகு நானும் தம்பியும் பிறந்தோம். வீட்டுக் கடன், பள்ளிக்கூடம், ட்யூஷன் என்று வருஷங்கள் போயின. அப்பாவின் பழைய வேன் உங்கள் எல்லோருக்கும் பொது. யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் விமான நிலையத்துக்குப் போவது அப்பா. கோயில் அன்னதானத்துக்கு விடியற்காலையில் பாசாருக்குப் போய்க் காய்கறி ஏற்றிவருவதும் அப்பா. ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாத மனிதர். பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்கு அதில் எரிச்சலும் உண்டு.

வெள்ளி விழாத் திருமண நாளுக்குப் பாலி என்று முடிவு செய்தார்கள். வழக்கம்போல அப்பா சொல்லிக்கொள்ளப் போனார். போனது இருவர் அல்ல, ஒரு பஸ் நிறைய ஆட்கள். ஹோட்டல்காரர்கள் சுற்றுலாக் குழு என்று நினைத்து வாசலில் வரவேற்புப் பலகை வைத்திருந்தார்கள். செலவு மிச்சம் என்று பெண்களுக்குத் தனி அறைகள், ஆண்களுக்குத் தனி அறைகள். இருபத்தைந்தாவது திருமண நாளன்று மாப்பிள்ளை, சித்தப்பாவின் குறட்டைக்குப் பக்கத்திலும், பெண், அத்தையின் தைலத்துக்குப் பக்கத்திலும் படுத்திருந்தார்கள். இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். திரும்பி வந்து பெட்டியைப் பிரிக்கும்போது அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: “ஏங்க, நம்ம சொந்தக்காரங்க யாருமே இல்லாத ஊரு ஒண்ணு இருக்குமா?” அப்பா சிரிக்கவில்லை.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு அந்த ஊரை அம்மாவே கண்டுபிடித்தார். மத்தியான வேலைகள் முடிந்ததும் கொரிய நாடகம் பார்ப்பது அம்மாவுக்குப் பழக்கம். கீழே ஓடும் மலாய் எழுத்தை வாய்விட்டுப் படித்தபடி பார்ப்பார். ஒரு நாடகத்தில், இரண்டு பக்கமும் மஞ்சள் இலைகளோடு மரங்கள் நிற்கும் ஒரு தெருவில் கணவனும் மனைவியும் நடந்து போனார்கள். இந்த மாதிரி ஒரு தெருவில் நடக்க வேண்டும் என்றார் அம்மா. சரி என்றார் அப்பா.

அப்பா திட்டம் போடுவதைப் பார்க்க வேண்டுமே. வாழ்நாளெல்லாம் கண்டெய்னர் அனுப்பிய மனிதர், தம்மையும் அம்மாவையும் இரண்டு கண்டெய்னர்களாகவே நினைத்துக்கொண்டார். இலை எந்த வாரம் மஞ்சளாகும், விமானம் இறங்கியதும் எந்த ரயில், எங்கே மாற வேண்டும் என்று தினமும் தம்பியைப் பிடித்துக்கொள்வார். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும், ஓடக்கூடாது என்பது அவர் கட்டளை. வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் ஒரு குட்டி ரைஸ் குக்கர் வாங்கினார். அதை ஒரு மாதம் முன்பே பெட்டிக்குள் வைத்து மூடி, எடைபோட்டுப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாடிப்படி ஏறும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நான்தான் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இருதயம் மிகவும் பலவீனமாக இருக்கிறது என்றார் அவர். பயணத்தைப் பற்றிக் கேட்டோம். மருந்தோடு, மெதுவாக, இந்த வருஷம் போய்வரலாம், அடுத்த வருஷத்துக்குத் தம்மால் உறுதி சொல்ல முடியாது என்றார். காருக்கு வந்ததும் அப்பா என்னிடம், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் தம் தம்பியைப் பார்த்துக்கொள்ளவென்றே கிளம்பிவிடுவார், அவர் கிளம்பினால் எல்லோரும் கிளம்புவீர்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். இந்த முறை தவறினால் அம்மாவுக்கு அந்தத் தெரு கிடையாது.

ஆனாலும் சொல்லிக்கொள்ளாமல் போக அப்பாவுக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான் மூவரும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். அத்தை ஆட்டிறைச்சி சமைத்திருந்தார், சித்தப்பாவும் வந்திருந்தார். சாப்பிடும்போது அப்பா விஷயத்தைச் சொன்னார். அத்தைக்கு ஒரே சந்தோஷம். பயண நாட்கள் பள்ளி விடுமுறையில் வருகின்றன, பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளலாம், குழுவாகப் போனால் மலிவு என்று அடுக்கிக்கொண்டே போனார். அதற்குள் அப்பாவின் சட்டைப் பையில் கைப்பேசி சத்தமிட்டது. சித்தப்பா சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையாலேயே ‘கொரியா டிரிப்’ என்று ஒரு வாட்சப் குழுவைத் தொடங்கிவிட்டிருந்தார்.

அப்பா தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்: “அக்கா, இந்தத் தடவ நானும் அவளும் மட்டும் போறோம்.”

அத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது.

“நாங்க வந்தா உனக்கு என்ன தம்பி தொந்தரவு?”

“ஒரு தொந்தரவும் இல்லக்கா.”

“அப்புறம் என்னா?”

அப்பாவிடம் பதில் இருந்தது, அதைத்தான் சொல்ல முடியாது. அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனவர், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. முதல் முறையாக அந்த வீட்டிலிருந்து அப்பா நெற்றியில் திருநீறு இல்லாமல் இறங்கினார்.

காரில் அம்மாவால் தாங்க முடியவில்லை. “அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிடலாங்க. எனக்கு மனசே சரியில்ல” என்றார்.

“எனக்கும்தான் சரியில்ல. கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து நீ ஒண்ணே ஒண்ணுதான் கேட்ட லா” என்றார் அப்பா.

அதற்குப் பின் வந்த வாரங்கள் எங்கள் வீட்டுக்கு நல்ல வாரங்கள் அல்ல. அத்தையிடமிருந்து அழைப்பே இல்லை. அப்பா கைப்பேசியை எடுப்பார், அக்கா பெயர்வரை போவார், வைத்துவிடுவார். “நீயும் வாக்கா” என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எனக்குப் பயம். விமானச் சீட்டை ரத்து செய்ய முடியுமா என்று ஒரு நாள் தம்பியிடம் விசாரித்திருக்கிறார். தனக்குத் தெரியாது என்று தம்பி மழுப்பிவிட்டான். பிழைத்தோம்.

புறப்படும் நாள். விமான நிலையத்தில் பெட்டிகளைப் போட்டுவிட்டுத் திரும்பினால், அத்தை தம் மகனோடு வந்துகொண்டிருக்கிறார். கையில் ஒரு பெரிய பை. உண்மையைச் சொல்கிறேன், அத்தையும் டிக்கெட் வாங்கிவிட்டார் என்றே நினைத்தேன். தம்பி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தை பையைத் திறந்தார். உள்ளே ஒரு புட்டி மாங்காய்த் தொக்கு, ஒரு கம்பளிச் சட்டை, காகிதத்தில் மடித்த திருநீறு. தலை நரைத்த அப்பா அத்தனை கூட்டத்துக்கு நடுவே குனிந்து அக்கா காலைத் தொட்டார். அத்தை திருநீறு பூசிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“நான் யோசிச்சுப் பாத்தேன் தம்பி. நீங்க ரெண்டு பேரும் தனியா எங்கயும் போனதே இல்ல. பாத்து போயிட்டு வாங்க. எங்களுக்குப் போன் போட வேணாம்.”

அவர்களும் போடவில்லை. ‘கொரியா டிரிப்’ குழுவில் சித்தப்பா மட்டும் படம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். சும்மா இரு என்று அத்தை பதில் போட்ட பிறகு அவரும் அடங்கினார்.

திரும்பி வந்த சில மாதங்களில் அப்பாவின் உடல் நலிந்தது. மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் உங்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. முன்னமே தெரிந்துதான் போனாயா என்று அத்தை கேட்டார். அப்பா தலையாட்டினார். “ஏன்டா என்கிட்ட சொல்லல?” என்றார் அத்தை. “சொல்லியிருந்தா எல்லாரும் வந்திருப்பீங்களேக்கா” என்றார் அப்பா. அத்தை அழ ஆரம்பித்துச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து பகலெல்லாம் அத்தைதான் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினார். ஒரு நோயாளிக்கு இரண்டு பார்வையாளர்கள் என்ற விதியை நம் குடும்பம் எப்படி மதித்தது என்பதைத் தாதியர்களிடம்தான் கேட்க வேண்டும். ஒரு காலை நேரத்தில், அம்மா கையைப் பிடித்தபடி, அப்பா அமைதியாகப் பிரிந்தார். இந்த ஒரு வருஷத்தில் அப்பா இல்லை என்ற எண்ணம் எங்களுக்கு இன்னும் பழகவில்லை.

இந்த மலருக்காக அந்தப் பயணத்தின் படங்களைக் கேட்டேன். அம்மா தரவில்லை. அந்தத் தெருவைப் பார்த்தீர்களா, இலை மஞ்சளாக இருந்ததா, என்ன பேசிக்கொண்டு நடந்தீர்கள் என்றெல்லாம் பல விதமாகக் கேட்டுப் பார்த்தேன். “அது எங்களோடது லா” என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டதுபோலச் சிரித்தார். எனக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. அத்தை இதுவரை கேட்கவே இல்லை.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியர்களுக்கும், இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், காரியங்கள் முடியும்வரை எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் சாப்பாடு கொண்டுவந்த பண்டமாரான் அண்டை வீட்டாருக்கும், கோயில் நண்பர்களுக்கும், அப்பாவுக்குத் தாயாக இருந்த பெரிய அத்தைக்கும், தூரம் பாராமல் இன்று வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொரு நன்றியையும் கட்டாயம் சேர்க்கச் சொன்னார் அம்மா. எல்லாப் பயணத்திலும் கூட வந்த நீங்கள், அந்த ஒரு தடவை மட்டும் வராமல் இருந்தீர்களே, அதற்கு.