மணிக்கட்டில் தெரியாத சாயம்

எங்கள் நாடகக் குழுவின் ஒப்பனைக்காரர் நல்ல கறுப்பு. எந்தச் சாயத்தையும் தன் மணிக்கட்டில் தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் முகத்தில் கை வைப்பார்.

முன்பு அவர் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். புதிதாக வந்த முதலாளி அவரைப் பின்கட்டுக் கிடங்குக்குத் தள்ளினாராம். "எனக்கு ஒண்ணுமில்லப்பா. வர்றவங்க ஏத்துக்கணுமே" என்பதுதான் சொன்ன காரணம்.

இதைக் கேட்ட இயக்குநர் உருகிப்போனார். "அவனவன் மனசுல இருக்கிற வெறுப்பை ஊர் தலையில கட்டுறான் பாருங்க, நிறவெறிக்கு வேரே அதுதாண்ணே. இதை நாடகமாப் போடுறேன். நீங்களே நடிக்கிறீங்க!"

வசனம் முழுவதும் அண்ணனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அரங்கேற்றத்தன்று ஒப்பனை நாற்காலியில் சிவப்பாக ஒரு நடிகன் வந்து உட்கார்ந்தான். அண்ணனின் வேடம் இனி அவனுக்காம். அண்ணன் கறுப்புச் சாயத்தைக் குழைத்தார். வழக்கம்போல் மணிக்கட்டில் தடவினார். தடவிய இடமே தெரியவில்லை. அவ்வளவு பொருத்தம்.

"ஏன் தம்பி?" என்று இயக்குநரிடம் கேட்டார்.

அந்த மகானுபாவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "எனக்கு ஒண்ணுமில்லண்ணே. வர்றவங்க ஏத்துக்கணுமே."