செண்பகத்துகிட்ட கேட்ட கேள்வி

குற்றாலத்து அம்மையை நம்புற என் கூடப்பிறந்தவங்களே, எம் மகளைக் கிணத்துல இருந்து தூக்கின நாளை நான் இன்னும் மறக்கல.

அப்போ செங்கோட்டை மலையாளத்துப் பக்கமிருந்து பிரிஞ்சு நம்ம ஜில்லாவோட சேர்ந்து ஒண்ணு ரெண்டு வருசம் இருக்கும். எங்களுக்கு வடகரையில வயலும் தோப்பும். செண்பகம் ஒரே மக. பட்டாளத்துல இருந்த மருமகன் காய்ச்சல்ல போயிட்டார். அவளுக்கு இருபது வயசுகூட ஆகல. எங்க வழக்கப்படி தாலி, வளையல் எல்லாத்தையும் கழட்டி, வெள்ளைச் சேலை கட்டி, உள் அறையில உட்கார வச்சோம். அவ பேச்சு நின்னுபோச்சு. ஒருநாள் காலையில கிணத்துல குதிச்சிட்டா. அவ அப்பாதான் இறங்கித் தூக்கினார்.

சாரல் சமயம் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். குழல்வாய்மொழி அம்மை சன்னதியில விழுந்து அழுதேன். "தாயே, எம் பிள்ளைய உயிரோட வச்சிரு. வேற ஒண்ணும் கேட்கல."

பக்கத்துல நின்ன ஒரு அம்மா என்னைத் தூக்கிவிட்டாங்க. மலைக்கு அந்தப் பக்கம் புனலூர்க்காரங்க, பேரு தேவகி. விவரம் கேட்டுட்டு, செண்பகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"எனக்கும் இந்தப் பிராயத்துல கட்டினவரு செத்துப்போயி. பின்னே மாமன் வேற கல்யாணம் செஞ்சு வச்சாரு. அதுல பிறந்தவனாக்கும் என் மோன். ஸ்கூல் வாத்தியாரு."

சாமி முன்னால நின்னு ஒரு பொம்பளை இப்படியும் சொல்லுவாளா? அந்த அதிர்ச்சி ஆறதுக்குள்ள, "உங்க மோளை என் மோனுக்குத் தருவீங்களா?"ன்னு கேட்டாங்க. கும்பிட்ட கையை இறக்காமலே ஊரையும் வீட்டு அடையாளத்தையும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எங்க வீட்டுக்காரர் கத்தினார். "ஏட்டி, கிறுக்கா உனக்கு? மலையாளத்தானுக்கா? அதுவும் ரெண்டாந்தரமா?"

மறுவாரமே தேவகியம்மா மகனைக் கூட்டிக்கிட்டு எங்க வாசல்ல வந்து நின்னாங்க. அந்தப் பையன் எங்ககிட்ட ஒண்ணும் கேட்கல. கதவுக்குப் பின்னால நின்ன செண்பகத்தைப் பார்த்து, "என் அம்மா கேட்டது இருக்கட்டும். உங்களுக்கு இஷ்டமா?"ன்னார்.

எங்க வம்சத்துல எந்தப் பொண்ணுகிட்டயும் யாரும் அதைக் கேட்டதில்ல. என்கிட்டயும் கேட்கல.

பல மாசமா பேசாத பிள்ளை வாய் திறந்தா. "அங்கன வந்தா நான் வாசல்ல உக்காரலாமா?"

"அது உங்க வீடாக்கும். எங்க வேணும்னாலும் உக்காரலாம்."

எங்க வீட்டுக்காரர் எழுந்து கொல்லைக்குப் போனார். கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் திரும்பி வந்தார். "ஒரு தடவை கிணத்துல இருந்து தூக்கிட்டேன். இன்னொரு தடவை தூக்க எனக்குத் தெம்பில்ல. கூட்டிட்டுப் போங்க."

அவங்க வழக்கப்படி விளக்கு முன்னால மாப்பிள்ளை புடவை கொடுத்தார், அவ வாங்கினா, கல்யாணம் முடிஞ்சுபோச்சு! சொந்தக்காரங்க யாரும் வரல. இன்னைக்கும் சிலர் எங்க வீட்டுல தண்ணி குடிக்க மாட்டாங்க.

அங்க முதல் பேத்தி பிறந்தப்போ, பொண்ணுன்னு தெரிஞ்சதும் ஊருக்கே பாயசம் வச்சாங்க. வீடு இனி அந்தப் பேத்திக்குத்தான்னு சம்பந்தியம்மா சொன்னாங்க. நான் வாயைப் பிளந்தேன். செண்பகம் என்னைப் பார்த்துச் சிரிச்சா. அவ சிரிச்சுப் பார்த்து எத்தனை காலம்!

நான் உயிரை மட்டும்தான் கேட்டேன். அம்மை வாழ்க்கையைக் கொடுத்தா. உங்க வீட்டு உள் அறையிலயும் ஒரு பிள்ளை அழுதுக்கிட்டிருந்தா, அவளுக்காக அம்மைகிட்ட கேளுங்க. மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து பதில் வந்தாலும் கதவைச் சாத்திராதீங்க.