சர்ஃபிங் கதையும் பரம்புப் பலகையும்

என்னிடம் கொடுத்த கதை முழுக்கக் கடல்தான். வேலைவெட்டி இல்லாத ஒருவன் விடிந்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போகிறான். அலையில் ஏறுகிறான், விழுகிறான், சிரிக்கிறான், பசித்தால் நண்பன் வீட்டில் மீன்குழம்பு சாப்பிடுகிறான். பதினெட்டுப் பக்கத்தில் இதைத் தவிர எதுவும் நடப்பதில்லை. அதை ஒலிப்புத்தகத்துக்காக நான் வாசிக்க வேண்டும். கடலுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தமோ, எப்போதாவது திருச்செந்தூரில் முட்டியளவுத் தண்ணீரில் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான்.

அதுவரை நான் வாசித்தவை மூன்று நாவல்கள். மூன்றிலும் சாவு. 'உன் குரலே பாதி ஒப்பாரிதான்' என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அதனால்தான் இந்தச் சிரிப்புக் கதையை நானே கேட்டு வாங்கினேன். இதையும் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் எழவுக் கதையைத்தான் என் தலையில் கட்டுவார்கள் என்று தெரியும்.

கோவை சாய்பாபா காலனியில் ஒரு அடுக்குமாடி வீட்டின் படுக்கையறைதான், நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்த ஸ்டூடியோ. பதிவைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணி முதல் நாளே ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"ஏனுங்க மேடம், குரல் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா அலை மேல நிக்கிறவன் மாதிரி இல்லீங்களே. காந்திபுரத்துல பஸ்ஸுல சீட்டுப் புடிச்சு உக்காந்தவன் மாதிரி இருக்குதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சொன்னது நிஜம். வீட்டுக்கு வந்து, கவலையே இல்லாமல் பலகை மேல் நின்ற அனுபவம் நமக்கு ஏதாவது உண்டா என்று யோசித்தேன். உண்டு. பரம்பு!

கோபி பக்கம் எங்கள் வயலில் நடவுக்கு முன்னால் பரம்பு அடிப்பார்கள். உழுத சேற்றில் தண்ணீர் கட்டி, நீளமான கனத்த பலகையை இரண்டு மாடுகளில் பூட்டி இழுத்தால் வயல் சமமாகும். பலகைக்குப் பாரம் வேண்டும். அப்பா அதன்மேல் நின்றுகொண்டே ஓட்டுவார். இன்னும் கொஞ்சம் பாரத்துக்கு எங்களையும் ஏற்றிக்கொள்வார். சேறு இருபக்கமும் தெறிக்க, கொக்குகள் விலகிப் பறக்க, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நான் நின்ற நிற்பு இருக்கிறதே, அதை எந்தக் கடல் கொடுக்கும்? பாவாடை முழுக்கச் சேறு, ரெட்டைச் சடை காற்றில், வாய் நிறையச் சிரிப்பு. நினைத்ததும் எனக்கே சந்தோஷம் பொங்கியது.

மறுநாள் அந்த நினைப்போடு வாசித்தேன். பெண்மணி பாதியில் நிறுத்தினார்.

"இப்ப நிக்கிறீங்க. ஆனா பொய் சொல்ற மாதிரி ஒண்ணு கேக்குதுங்க. என்னன்னு சொல்லத் தெரியலை. நாளைக்கு ஒருக்கா பாப்போங்க. அதுக்கு மேல வேற ஆளைத்தான் கேக்கோணும், தப்பா நெனைக்காதீங்க."

ஈரோட்டில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். என்னைவிட நான்கு வயது மூத்தவள். இன்று ரோட்டைக் கடக்கவே என் கையைப் பிடித்துக்கொள்வாள். பரம்பு ஓடும்போது சத்தம் எப்படி இருக்கும், கால் எப்படிக் கூசும் என்று ஞாபகப்படுத்தச் சொன்னேன். நான் கையை விரித்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"ஏங்கண்ணு, நீ எங்க அதுல நின்னே? அப்பா தூக்கி வெச்ச ஒடனே, எறக்கி உடுங்கப்பா, எறக்கி உடுங்கப்பான்னு நீ போட்ட கத்துல மாடு ரெண்டும் மெரண்டுபோச்சு. உன்னை வரப்புல எறக்கி உட்டுப்போட்டுத்தான் பரம்பு அடிச்சாரு. கையை விரிச்சுட்டு நின்னது நானு."

"சும்மா சொல்லாதக்கா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், அழுததைத் தவிர."

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அடுப்படியில் பாத்திரங்கள் அன்று அதிகம் சத்தம் போட்டன. எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்! பிள்ளைகளிடம், பள்ளிக்கூடத் தோழிகளிடம், கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரிடம். என் சின்ன வயசில் நான் தைரியசாலியாக இருந்ததற்கு அது ஒன்றுதானே சாட்சி.

பாத்திரத்தைக் கவிழ்க்கும்போது பொறி தட்டியது. எனக்கு ஞாபகம் இருப்பது ரெட்டைச் சடை பறப்பது. பலகையில் நிற்பவளுக்குத் தன் சடை பறப்பது எப்படித் தெரியும்? அது வரப்பில் நின்றவளுக்குத்தான் தெரியும்.

அன்று அழுதுவிட்டேன். பொய் பிடிபட்டதற்காக இல்லை. அக்காவின் அந்த நாளை எடுத்து இத்தனை வருடம் நான் உடுத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன், அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மூன்றாம் நாள் மைக் முன் உட்கார்ந்தபோது நான் பலகையில் ஏறவே இல்லை. வரப்பிலேயே நின்றேன். அவன் அலையில் ஏறியபோது, விழுந்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. விழமாட்டானா என்று பொறாமையாகவும் இருந்தது. அவன் விழாமல் திரும்பி நின்று சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. பதினெட்டுப் பக்கமும் நிற்காமல் போய்விட்டது.

இந்த முறை பெண்மணி பாதியில் ஹெட்போனைக் கழற்றவில்லை. முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலை உயர்த்திவிட்டு உள்ளே வந்தார்.

"இதுதானுங்க வேணும். நெசமாச் சொல்லுங்க மேடம், நீங்க சின்ன வயசுல சர்ஃபிங் போயிருக்கீங்களா?"

"நானில்லீங்க," என்றேன். "எங்கக்கா."