காற்றுமானிக்கு ஆகாத காற்று

மாலையில் புயல் புதுச்சேரியில் கரையைக் கடக்கும் என்கிறார்கள். அந்தக் காற்றை அளக்கத்தான் எங்கள் பல்கலைக்கழகக் குழு வந்து, வைத்திக்குப்பம் கடற்கரையில் கம்பம் நட்டு, உச்சியில் காற்றுமானியைப் பொருத்தியிருக்கிறது. தென்றல் வீசியவரை அது பிரமாதமாக அளந்தது. இப்போது காற்று வலுக்கிறது. பேராசிரியர் வீரமாக உத்தரவிடுகிறார்: "கழட்டி வேன்ல வைங்க. உடைஞ்சா டிபார்ட்மென்ட்டுக்கு யார் பதில் சொல்றது?"

ஏணியில் ஏறிக் கழற்றுகிறேன். எதிர்வீட்டுத் தகரக் கூரைமேல் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கும் லூர்துமேரி அக்கா நிமிர்ந்து பார்க்கிறார்.

"இன்னா சார், காத்து வர்ற நேரத்துல கழட்டுறீங்க?"

"காத்து ஜாஸ்தியாயிடுச்சுக்கா. இது தாங்காது."

"அப்பிடியா? வேன்ல எடம் இருந்தா சொல்லுங்க, எங்க கூரையயும் கழட்டித் தர்றேன்."