பென்குயினின் வீடு

காலை ஆறு மணி இருபது நிமிடம். பால் எடுக்க அக்கா வீட்டு ஃபிரீசரைத் திறந்தேன். முதலில் தெரிந்தது ஐஸ் தட்டின் நடுவே நின்ற பிளாஸ்டிக் பென்குயின். அலகில் பனி வெள்ளையாக உறைந்திருந்தது.

மச்சான் இறந்த பிறகு அக்கா வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். வேன் தெருமுனைக்கே வரும். அப்போது நான்கு வயதான அவள் மகன் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. திண்டுக்கல்லில் ஒரே ஒரு நர்சரிதான் அவனைச் சேர்த்துக்கொண்டது, அதுவும் நிபந்தனையோடு. ஆண்டு விழாவில் மற்ற பிள்ளைகளைப்போல் சொன்னதைச் செய்தால் தொடரலாம். இல்லாவிட்டால் அழைத்துப்போய்விட வேண்டும். அழைத்துப்போனால் அவனோடு அவளும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

விழாவுக்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். மணல் கொட்டிய இடம் பாலைவனம். தென்னங்கீற்று பரப்பியது காடு. நீலநிறச் சுங்குடிச் சேலை கடல். அதன் வெள்ளைப் புள்ளிகளை மீன்கள் என்றே பிள்ளைகள் நம்பினார்கள். ஒரு தாம்பாளம் நிறைய ஐஸ், அது துருவம். மிஸ் பெயர் சொன்னதும் அந்த விலங்கு பொம்மையை அதன் இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இவனுக்குப் பென்குயின்.

அக்கா அதேபோல் ஒரு பொம்மை வாங்கினாள். மில்லிலிருந்து வந்த கையோடு, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், அடுப்படித் தரையில் அவனை உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தாள். அவன் அதை அரிசி டப்பாவில் வைப்பான், செருப்புக்குள் வைப்பான். அவள் திரும்ப எடுத்து அவன் கையில் கொடுப்பாள். "அப்பு, ஐஸ் எங்கன இருக்கோ அங்கனதான் இதுக்கு வீடு. வேற எங்கயும் வைக்கக் கூடாது, என்ன?" சில நாள் கெஞ்சலாக, சில நாள் அழுகையாக அது கேட்கும்.

விழா பத்து மணிக்கு. சிறப்பு விருந்தினர் வந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. நிருபராக எத்தனையோ விழாக்களில் இப்படிக் காத்திருக்கிறேன். அவர் வராமல் தொடங்குவதைப் பற்றி இங்கேயும் யாரும் பேசவில்லை. சித்திரை வெயில். தாம்பாளத்தில் தண்ணீர்தான் மிஞ்சியிருந்தது.

"பென்குயின்!" என்றார் மிஸ். அவன் தாம்பாளத்தை எட்டிப் பார்த்தான். கையை நீட்டவில்லை. மணலைத் தாண்டினான், கடலைத் தாண்டினான். நேராக மேடைக்குப் போய், விருந்தினருக்கு ஜூஸ் பாட்டில் புதைத்து வைத்திருந்த ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பென்குயினை உள்ளே நிறுத்தினான்.

கூட்டம் சிரித்தது. "பென்குயினுக்கு மாம்பழ ஜூஸ் வேணுமாம்லே!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். விருந்தினரும் சிரித்தார். தாளாளர் சிரிக்கவில்லை.

விழா முடிந்ததும் அக்கா தாளாளர் அறை வாசலில் நின்றாள். "சார், ஐஸ் கரஞ்சுருச்சு. ஐஸ் இருக்குற எடத்தத் தேடித்தான சார் வச்சான்? கரெக்டாத்தான சார் வச்சான்?"

"சொன்ன எடத்துல வைக்கலையேம்மா. பேச்சும் இல்ல. எங்களால பாக்க முடியாதும்மா."

"இன்னும் ஒரு மாசம் மட்டும் சார்..."

அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு எழுந்தார்.

பையனுக்கு இப்போது ஏழு வயது. இன்னும் பேசவில்லை. படுக்கப் போகும்முன் ஃபிரீசரைத் திறந்து பென்குயினை அவனே நிறுத்திவைக்கிறான். இன்று காலை அதை நகர்த்தாமல் பால் பாக்கெட்டை எடுத்தேன். கதவைச் சாத்தும்போது, அக்கா முன்பு போய்க்கொண்டிருந்த மில் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. எதிர்வீட்டுப் பெண் ஓடிப்போய் ஏறினாள்.