கதிரவெளிக்குப் போய் வாங்கிய கையெழுத்து

தங்கைக்குக் கலியாணம் பேசி முடித்த அன்றே வீடு அவளுடையது என்றாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணோடு வீட்டையும் சேர்த்தே கொடுப்பார்கள். எனக்கும் ஒரு வீடு தந்திருந்தார்கள். என் புருசன் அதை விற்றுவிட்டுத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்கென்று போனவர், நாலு வருடமாகத் திரும்பவில்லை. இருபத்துநாலு வயதில், குருக்கள்மடத்தில் எனக்கு மிஞ்சியிருந்தது அம்மாவின் அடுப்படியில் ஒரு பாய்தான்.

“தங்கச்சிக்கு ஒத்தாசையாக் கிட மகள். அவள் ஒரு வாய் சோறு போடமாட்டாளா?” என்றார் அம்மா. அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சோறு வேண்டாமென்றிருந்தது.

நான் மா இடிக்கப் போகும் வாத்தியார் வீட்டில் பழைய பத்திரிகைகள் கிடக்கும். அதில் ஒன்றில், மருத்துவிச்சிப் பயிற்சிக்குப் பெண்கள் தேவை என்று இருந்தது. நான் எட்டாம் வகுப்புப் படித்தவள். யாரிடமும் சொல்லாமல் விடியவே நடக்கத் தொடங்கி, வெயில் ஏறிய நேரம் கல்லடிப் பாலம் கடந்து பட்டினத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“கலியாணம் முடிச்சவளெண்டா புருசன்ட சம்மதக் கடிதம் வேணும்” என்றார் அங்கிருந்த பெரிய தாதி.

“அவர் விட்டிட்டுப் போய் நாலு வருசம்.”

“செத்துப்போனாரா?”

“இல்ல.”

“அப்ப கையெழுத்து வேணும் புள்ள. மாசம் முடியிறதுக்குள்ள கொண்டு வா.”

அவர் செத்தே போயிருக்கலாம் என்று அந்த வாசலில் நின்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு நான் இன்றுவரை வெட்கப்படவில்லை.

அவரைக் கதிரவெளியில் கண்டதாகக் கருவாட்டு வண்டிக்காரர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். வாத்தியாரின் மனைவி சம்மதக் கடிதத்தை எழுதித் தந்தார். வண்டியிலும் துறைத் தோணியிலுமாக இரண்டு நாள் போனேன். அவர் ஒரு குடிசை முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வாசலில் நிறைமாதப் பெண் ஒருத்தி நின்றாள்.

கடிதத்தை வாசித்தவர் அதை மண்ணில் போட்டார். “கண்டவன்ட பொண்டாட்டிக்கெல்லாம் பேறு பாத்துத் திரியப் போறியா? என்ட மானம் என்னாகிற?”

“மானமா?” என்றேன். பிறகு காலில் விழுந்தேன். அவர் வலையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

நான் எழும்பிப் போகவில்லை. போக இடமும் இல்லை. அந்தப் பெண் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அது என்ன கடிதமென்று கேட்டாள். சொன்னேன். அவர் சாப்பிட வந்தபோது அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஓலைச் சுவருக்குள்ளால் அவளுடைய குரல் கேட்டது.

“கையெழுத்தப் போடுங்க. போடாட்டி இவ இஞ்சதான் கிடப்பா. நானும் இவவும் ஒரே முத்தத்தில கிடக்கிறதா?”

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து கடிதத்தை என் மடியில் வைத்தாள். “இந்தாங்கக்கா. இனி இஞ்ச வராதீங்க.”

திரும்பும் வழியில் மழை. துறையில் தோணி ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாதம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

“பேரெல்லாம் அனுப்பியாச்சு. வாற வருசம் பாப்பம்” என்றார் தாதி.

அந்த இடத்திலேயே தரையில் குந்திவிட்டேன். வந்து போகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். வெகுநேரம் கழித்துத் தாதி மறுபடி அந்தப் பக்கம் வந்தார்.

“இன்னும் போகல்லையா?”

“வீட்டுக்குப் போக ஏலாது அம்மா. என்ன வேலையெண்டாலும் தாங்க.”

“பிள்ளப்பேத்து வாட்டில ரத்தத் துணி கழுவுவியா?”

“கழுவுவன்.”

ஒரு வருடத்துக்கு மேல் கழுவினேன். மருந்துத் தண்ணீரில் உள்ளங்கைத் தோல் உரிந்து, சோற்றைப் பிசைந்தால் எரியும். நான் பட்டினத்தில் கெட்டுப்போனேன் என்று ஊரில் பேசினார்கள். தங்கையின் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அம்மா ஒருநாள்கூட வந்து பார்க்கவில்லை. பேறு நடக்கும் அறை வாசலில் வாளியோடு நின்று, உள்ளே என்ன செய்கிறார்களென்று பார்த்துப் பார்த்து மனத்தில் போட்டுவைத்தேன். அதை விட்டால் எனக்கு வேறு போக்கு இருக்கவில்லை.

அடுத்த முறை என் பெயர் போனது. பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள் என்று தாதி வந்து சொன்னபோது, சந்தோசம் என்று சொல்லும்படியாக எனக்குள் ஒன்றும் எழவில்லை. தொட்டியில் பாதித் துணி கிடந்தது. அதைக் கழுவிக் காயப்போட்டுவிட்டுத்தான் அவரோடு போனேன்.